கார்டைக் குப்பையில் போடும் முன்: சிங்கிள் போர்டு கணினிகளின் சேமிப்பகக் கோளாறுகள், அறிகுறி வாரியாக

ராஸ்பெர்ரி பை, பீகிள்போன், ராக்சிப் சிப் வைத்த போர்டுகள் என்று ஒரே பலகையில் முழுக் கணினியும் அடங்கிய எது பழுதாகி என் மேஜைக்கு வந்தாலும், கூடவே ஒரு வாக்கியமும் வரும்: "கார்டு போயிடுச்சு, வேற கார்டு போட்டுக் குடுங்க." பல தடவை அந்த மைக்ரோ எஸ்டி கார்டு போயிருக்காது. போயிருந்தாலும் அதைக் கொன்ற காரணம் அங்கேயே உட்கார்ந்திருக்கும். புதுக் கார்டையும் தின்றுவிடும். ஒரே இடத்தில் இரண்டாவது கார்டும் செத்தால், கார்டைச் சந்தேகிப்பதை விட்டுவிட்டு அந்த வேலைக்கு நாம் தேர்ந்தெடுத்த சேமிப்பு ஏற்பாட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

உங்கள் போர்டு காட்டும் அறிகுறிக்கு நேராகப் போய்விடலாம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத சோதனை முதலில், செலவு வைப்பது கடைசியில். ஆனால் அறிகுறி எதுவானாலும் கீழே உள்ள இரண்டையும் தாண்டிப் போகாதீர்கள்.

## எதற்கும் முன்னால் இரண்டு வேலை

நகல். கார்டை இன்னும் படிக்க முடிகிறதென்றால் கழற்றி வேறொரு லினக்ஸ் கணினியில் செருகி, மவுண்ட் செய்யாமல் (அதாவது அதன் கோப்புகளைத் திறக்காமல்), முழுக் கார்டையும் ஒரே இமேஜ் கோப்பாக எடுத்து வையுங்கள். டிடி கட்டளை முதல் பிழையிலேயே நின்றுவிடும். ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ படிக்க முடிந்ததையெல்லாம் முதலில் எடுத்துக்கொண்டு, முடியாத இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். அதற்கு ஒரு மேப் கோப்பின் பெயரையும் கொடுத்துவிடுங்கள், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எஃப்எஸ்சிகே போன்ற, ஃபைல் சிஸ்டத்தைப் பழுதுபார்க்கும் கட்டளைகள் எல்லாமே கார்டில் எழுதும். சாகக் கிடக்கும் கார்டில் எழுதினால் மிச்சம் இருப்பதும் போய்விடலாம். பழுது பார்ப்பதை நகலில் செய்து பாருங்கள்.

மின்சாரம். ராஸ்பெர்ரி பையில் விசிஜென்சிஎம்டி கெட்_த்ராட்டில்டு என்று கேட்டால் ஒரு எண் வரும். பூஜ்யம் என்றால் நிம்மதி. 50000 என்றால் பூட் ஆனதிலிருந்து எப்போதோ வோல்டேஜ் இறங்கியிருக்கிறது; 50005 என்றால் இந்த நிமிஷமும் இறங்கித்தான் இருக்கிறது. 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால்தான் இந்த எச்சரிக்கை எழும்.

இந்த வசதி இல்லாத போர்டுகளில் மல்டிமீட்டர்தான் வழி. பையின் 40 பின் ஹெடரில் வெளி வரிசையில் 2, 4 இரண்டும் 5 வோல்ட், பக்கத்திலேயே 6 கிரவுண்ட். மீட்டரின் கூர்முனையை நேராக அங்கே குத்தாதீர்கள். கை நழுவி இரண்டு பின் ஒட்டினால் போர்டு அந்த நொடியே போய்விடலாம். பெண் முனை உள்ள இரண்டு ஜம்பர் கம்பிகளை 4, 6 பின்களில் செருகி, மறுமுனையில் அளந்து பாருங்கள். சும்மா இருக்கும்போது பார்த்துவிட்டு "5.1 இருக்கே" என்று விட்டுவிடக் கூடாது. ஒரு பெரிய கோப்பை எஸ்எஸ்டிக்குக் காப்பி செய்ய விட்டுவிட்டு மீட்டரைப் பாருங்கள். மெல்லிய கேபிளாக இருந்தால், காப்பி தொடங்கிய உடனே 5.1 என்பது 4.9, 4.7 என்று சரிவது கண்ணெதிரே தெரியும். அப்படிச் சரிந்தால் கீழே உள்ள எந்தச் சோதனையையும் தொடங்க வேண்டாம். கேபிளையும் அடாப்டரையும் மாற்றிவிட்டு வாருங்கள்.

## அறிகுறி 1: பூட்டே ஆகவில்லை

### பச்சை விளக்கு ஒரு தடவைகூட மினுக்கவில்லை

கார்டைக் கழற்றி, தொடுமுனைகளை உலர்ந்த துணியால் துடைத்து, மறுபடி செருகுங்கள். அப்புறம் வேலை செய்யும் என்று உறுதியாகத் தெரிந்த இன்னொரு கார்டைப் போட்டுப் பாருங்கள். அதுவும் எழவில்லையென்றால் கோளாறு கார்டில் இல்லை. மின்சாரம், ஸ்லாட், அல்லது போர்டு. ஸ்லாட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், உள்ளே இருக்கும் சிறு ஸ்பிரிங் முனைகளில் ஒன்று மடங்கியிருந்தால் தெரியும்.

### குறிப்பிட்ட எண்ணிக்கையில் மினுக்கி நின்று, மறுபடி மினுக்குகிறது

ராஸ்பெர்ரி பையில் 4 மினுக்கல் என்றால் ஸ்டார்ட் கோப்பு கிடைக்கவில்லை, 7 என்றால் கர்னல் கிடைக்கவில்லை. இரண்டுமே ஃபேட் வகை பூட் பார்ட்டிஷன் குழம்பியிருப்பதைச் சொல்கின்றன. அது எந்தக் கணினியிலும் திறக்கும். நல்ல கார்டின் பூட் பார்ட்டிஷனில் உள்ள அதே பெயர்க் கோப்புகளோடு ஒப்பிட்டு, காணாமல் போனதை மட்டும் காப்பி செய்தாலே பெரும்பாலும் எழுந்துவிடும். 8 மினுக்கல் என்றால் ரேம் கோளாறு. அங்கே கார்டைத் தொட வேலையே இல்லை.

### பாதி பூட் ஆகி எமர்ஜென்சி மோடில் நிற்கிறது

யுஎஸ்பி டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் பூட் செய்தீர்களா? எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் அந்த டிஸ்க்கின் வரி இருந்து, டிஸ்க் மட்டும் இல்லையென்றால் சிஸ்டம் அதற்காகக் காத்திருந்துவிட்டு எமர்ஜென்சிக்குப் போய்விடும். ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸில் ரூட் (நிர்வாகி) கணக்கு பூட்டப்பட்டிருப்பதால் அங்கே உள்ளே நுழையவும் விடாது. கார்டை வேறு கணினியில் போட்டு, அந்த வரியில் நோஃபெயில் என்ற சொல்லைச் சேருங்கள்.

அதே வரியில் டிஸ்க்கை எஸ்டிஏ1 என்று எழுதியிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். இரண்டு யுஎஸ்பி டிஸ்க் இருந்தால் எது ஏ, எது பி என்பது பூட்டுக்குப் பூட் மாறும். டிஸ்க்கின் மாறாத அடையாள எண்ணான யுயுஐடி போட்டு எழுதினால் அந்தத் தொல்லை இல்லை.

### புதுக் கார்டு போட்டும் பழைய சிஸ்டமே எழுகிறது

இஎம்எம்சி, அதாவது போர்டிலேயே உள்ள ஃபிளாஷ் சிப், இருக்கும் போர்டுகளில் இதற்காக ஒரு நாள் முழுக்க வீணாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். பீகிள்போன் பிளாக்கில் வழக்கமாக இஎம்எம்சிதான் முதலில் பூட் ஆகும். மைக்ரோ எஸ்டி ஸ்லாட்டுக்கு அருகில் உள்ள எஸ்2 பொத்தானை அழுத்தியபடியே மின்சாரம் கொடுத்தால் கார்டிலிருந்து எழும். ராக்சிப் ஆர்கே3399 வரிசையில் எஸ்பிஐ ஃபிளாஷ், அடுத்து இஎம்எம்சி, அதற்கப்புறம்தான் எஸ்டி கார்டு. இஎம்எம்சியில் ஒரு பழைய பூட்லோடர் (சிஸ்டத்தை எழுப்பும் நிரல்) மிச்சமிருந்தாலே போதும், கார்டு பக்கம் திரும்பாது. ஆல்வின்னர் சிப்புகளில் நேர்மாறு, எஸ்டி கார்டுதான் முதலில். உங்கள் போர்டின் வரிசை எது என்று தெரிந்துகொள்ளாமல் கார்டை மறுபடி மறுபடி எழுதிக்கொண்டிருக்காதீர்கள்.

### எஸ்எஸ்டிக்கு குளோன் செய்த பிறகு குழப்பம்

இது சூட்சுமமானது. கார்டை அப்படியே எஸ்எஸ்டிக்கு குளோன் செய்துவிட்டு, கார்டையும் ஸ்லாட்டிலேயே விட்டுவிடுகிறோம். பார்ட்டிஷனின் அடையாள எண்ணான பார்ட்யுயுஐடி இரண்டுக்கும் ஒன்றே. பூட் கோப்புகள் கார்டிலிருந்து எழும், சிஸ்டம் கோப்புகள் உள்ள ரூட் பார்ட்டிஷன் எஸ்எஸ்டியிலிருந்து வரும், அடுத்த தடவை மாறி வரும். அப்டேட் போட்டால் கர்னல் ஒரு இடத்திலும் அதன் மாட்யூல்கள் இன்னொரு இடத்திலும் போய் உட்காரும். திடீரென்று வைஃபை இல்லை, யுஎஸ்பி ஆடியோ இல்லை என்று சம்பந்தமில்லாத கோளாறாக வெளியே தெரியும். எல்எஸ்பிஎல்கே கட்டளையில் ரூட்டும் பூட்டும் எந்த டிஸ்க்கில் மவுண்ட் ஆகியிருக்கின்றன என்று பாருங்கள். இரண்டும் வேறு வேறு டிஸ்க் என்றால் இதுதான் நோய். மருந்து சுலபம்: கார்டைக் கழற்றிவிட்டுப் பூட் செய்யுங்கள். பை 4, பை 5 இரண்டிலும் பூட் வரிசை, போர்டில் உள்ள ஈப்ராம் என்ற சிறு நினைவகச் சிப்பில் ஒரு எண்ணாக இருக்கிறது. அந்த எண்ணை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். 1 என்பது எஸ்டி, 4 யுஎஸ்பி, 6 என்விஎம்இ.

## அறிகுறி 2: ஓடிக்கொண்டிருக்கும்போதே "ரீட்-ஒன்லி (படிக்க மட்டும்) ஃபைல் சிஸ்டம்" என்கிறது

பதறி ரீபூட் செய்யாதீர்கள். ரீபூட் செய்தால் காரணம் சொல்லும் கர்னல் லாக் போய்விடும். டிஸ்க்தான் ரீட்-ஒன்லி ஆகிவிட்டதே, லாக் எங்கே எழுதப்பட்டிருக்கும்? கர்னல் லாக்கைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையின் வெளியீட்டைத் திரையிலிருந்தே படியுங்கள், அல்லது எஸ்எஸ்எச் வழியே வேறு கணினியில் சேமித்துக்கொள்ளுங்கள்.

அதில் தேட வேண்டியவை:

- இஎக்ஸ்டி4 (ஃபைல் சிஸ்டம்) பிழை மட்டும் இருக்கிறது, எம்எம்சி (கார்டு) பிழை எதுவும் இல்லை: மின்சாரம் திடீரென்று போனதில் ஃபைல் சிஸ்டம் குழம்பியிருக்க வாய்ப்பு அதிகம். நகல் எடுத்துவிட்டு, மவுண்ட் செய்யாத நிலையில் இ2எஃப்எஸ்சிகே ஓட்டுங்கள். சூப்பர்பிளாக்கே (ஃபைல் சிஸ்டத்தின் தலைப்புக் குறிப்பு) கெட்டுவிட்டது என்று அது சொன்னால், 4 கேபி பிளாக் உள்ள ஃபைல் சிஸ்டத்தில் 32768-ஆவது பிளாக்கில் ஒரு மாற்றுப் பிரதி இருக்கும். அதைக் குறிப்பிட்டு ஓட்டலாம்.
- எம்எம்சி வரியில் -110: நேரத்துக்குப் பதில் வரவில்லை. மின்சாரம், ஸ்லாட் தொடர்பு, கடைசியாகக் கார்டு என்ற வரிசையில் பாருங்கள்.
- எம்எம்சி வரியில் -84: வழியில் தரவு சிதைந்தது, சிஆர்சி (சரிபார்ப்பு எண்) பொருந்தவில்லை. பெரும்பாலும் தொடர்புக் கோளாறு. நீட்டிப்பு கேபிள், அடாப்டர் வழியாகக் கார்டைப் போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டு நேராகச் செருகுங்கள். ஓவர்கிளாக் செய்திருந்தால் அதையும் நீக்குங்கள்.
- ஐ/ஓ எரர், அதுவும் ஒரே செக்டர் எண் திரும்பத் திரும்ப: கார்டின் அந்த இடம் போய்விட்டது. நகல் எடுங்கள், கார்டுக்கு விடை கொடுங்கள்.

முதல் வகை மாதத்துக்கு ஒரு தடவை திரும்பி வருகிறதென்றால் எஃப்எஸ்சிகே ஓட்டிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. அறிகுறி 7-க்குப் போங்கள்.

## அறிகுறி 3: அழித்த கோப்பு ரீபூட் ஆனதும் திரும்பி வருகிறது

முதல் தடவை இதைப் பார்த்தபோது என் கண்ணையே நம்பவில்லை. வெப்பநிலையைப் பதிவு செய்யும் ஒரு சின்ன போர்டு. ஒரு கோப்பில் இரண்டு வரி திருத்தினேன், சேமித்தேன், திறந்து பார்த்தால் திருத்தம் இருக்கிறது. ரீபூட் செய்தேன், பழைய வரி. கோப்பையே அழித்தேன்; ரீபூட்டில் திரும்பி வந்தது. கார்டைக் கழற்றி வேறு கணினியில் போட்டு முழுதாக ஃபார்மேட் செய்தேன். "முடிந்தது" என்றது, பிழை ஒன்றும் இல்லை. கழற்றிச் செருகினால் எல்லாக் கோப்பும் நேற்று இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

எழுதும் ஆயுள் முடிந்த சில கார்டுகளின் கன்ட்ரோலர் இப்படித்தான் நடந்துகொள்ளும். எழுதச் சொன்னால் "சரி" என்று சொல்லிவிட்டு எழுதாது. நாம் உடனே திறந்து பார்க்கும்போது தெரிவது ரேமில் உள்ள கேஷ், கார்டில் உள்ளது அல்ல.

சோதனை: வேறு கணினியில் கார்டில் ஒரு சிறு கோப்பை எழுதி, ரேமில் நிற்பதைக் கார்டுக்கு அனுப்பும் சிங்க் கட்டளை கொடுத்து, முறையாக எஜெக்ட் செய்து, கழற்றி, மறுபடி செருகிப் பாருங்கள். கோப்பு இல்லையென்றால் முடிவு உறுதி. முழு அளவு எஸ்டி அடாப்டரில் போட்டிருந்தால் அதன் பக்கவாட்டில் உள்ள சிறு பூட்டு விசையையும் பார்த்துவிடுங்கள்.

இதற்குப் பழுது நீக்கம் கிடையாது. ஆனால் படிக்கும் வேலையைக் கார்டு இன்னும் ஒழுங்காகச் செய்வதால் உள்ளே இருப்பதை முழுதாக எடுத்துவிடலாம். எடுத்துவிட்டு, அடுத்த கார்டைப் போடும் முன் அறிகுறி 7-ஐப் படியுங்கள். நான் பார்த்த அந்தப் போர்டு நொடிக்கு ஒரு தடவை எஸ்கியூலைட் டேட்டாபேஸில் எழுதிக்கொண்டிருந்தது.

## அறிகுறி 4: யுஎஸ்பி எஸ்எஸ்டி நடுவில் காணாமல் போகிறது

எடுத்த எடுப்பில் எஸ்எஸ்டியைக் குறை சொல்லாதீர்கள். எஸ்எஸ்டி குற்றவாளியாக இருந்ததை நான் மிக அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

### முதலில்: மின்சாரம் போதுமா

பை 4-இல் நான்கு யுஎஸ்பி போர்ட்டுக்கும் சேர்த்து 1.2 ஆம்பியர்தான். பை 5-இல் 5 ஆம்பியர் அடாப்டர் இருந்தால் 1.6 ஆம்பியர் கிடைக்கும்; 3 ஆம்பியர் அடாப்டர் போட்டால் 600 மில்லி ஆம்பியராகச் சுருக்கிவிடும். சும்மா இருக்கும்போது எஸ்எஸ்டி கேட்பது கொஞ்சம்தான். எழுதத் தொடங்கும்போது கேட்பது வேறு. பேக்கப் ஓடும் நேரத்தில் மட்டும் டிஸ்க் காணாமல் போகிறதென்றால் இங்கேயே நின்றுவிடுங்கள்.

தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி ஹப் வழியே எஸ்எஸ்டியைப் போட்டுப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: சில ஹப்கள் போர்டுக்குள்ளேயே மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும். போர்டின் அடாப்டரைப் பிடுங்கிய பிறகும் சிவப்பு விளக்கு மங்கலாக எரிந்தால் அந்த ஹப் வேண்டாம்.

### அடுத்து: யுஏஎஸ் சிக்கலா

மின்சாரம் சரியாக இருந்தும் கர்னல் லாக்கில் யுஏஎஸ் அபார்ட், ரீசெட் சூப்பர்ஸ்பீட் என்ற வரிகள் மாறி மாறி வருகின்றனவா? யுஎஸ்பி-சாட்டா மாற்றியில் உள்ள சிப், யுஏஎஸ் என்ற வேகமான தரவுப் பரிமாற்ற முறையை ஒழுங்காகக் கையாளவில்லை என்று அர்த்தம். எல்எஸ்யுஎஸ்பி கட்டளையில் அந்த மாற்றியின் அடையாளம் நான்கெழுத்து, முக்காற்புள்ளி, நான்கெழுத்து என்று வரும். பூட் பார்ட்டிஷனில் உள்ள சிஎம்டிலைன் கோப்பில், யுஎஸ்பி-ஸ்டோரேஜ் புள்ளி குவிர்க்ஸ் என்ற அளவுருவுக்கு அந்த அடையாளத்தைக் கொடுத்து, கடைசியில் முக்காற்புள்ளியும் யு என்ற எழுத்தும் சேருங்கள். அந்தக் கோப்பு முழுக்க ஒரே வரியாகத்தான் இருக்க வேண்டும். என்டர் தட்டிப் புது வரியில் எழுதினால் அது கணக்கிலேயே வராது, நீங்களும் "இது வேலைக்காகலை" என்று கைவிட்டுவிடுவீர்கள்.

ரீபூட் ஆனதும் எல்எஸ்யுஎஸ்பியை மர வடிவில் காட்டச் சொல்லிப் பாருங்கள். டிரைவர் யுஏஎஸ் என்பதிலிருந்து யுஎஸ்பி-ஸ்டோரேஜ் என்று மாறியிருந்தால் திருத்தம் ஏறிவிட்டது. வேகம் கொஞ்சம் குறையும். நாள் கணக்கில் அறுந்துபோகாமல் ஓடும் டிஸ்க்குக்காக அந்த வேகத்தை விட்டுக்கொடுப்பது எனக்குச் சரியென்றே படுகிறது. வேகமும் வேண்டுமென்றால் மாற்றியை மாற்றுங்கள். அது எஸ்எஸ்டியைவிட மலிவு.

### பை 5-இல் என்விஎம்இ எஸ்எஸ்டி என்றால்

தட்டையான ரிப்பன் கேபிளின் இரு முனைகளையும் கழற்றி, நேராகச் செருகி, பூட்டை அழுத்துங்கள். அரை மில்லிமீட்டர் சாய்ந்திருந்தாலும் சில நேரம் தெரியும், சில நேரம் தெரியாது. பிசிஐஇ ஜென் 3 வேகத்தை இயக்கியிருந்தால் ஜென் 2-க்கு இறக்குங்கள். அந்தப் போர்டு ஜென் 2-க்குத்தான் சான்றிதழ் பெற்றது. அப்படியும் விட்டு விட்டு அறுந்தால் என்விஎம்இயின் மின்சேமிப்பு நிலைகளைக் கர்னல் அளவுரு வழியே அணைத்துப் பாருங்கள். இதற்கும் அடங்கவில்லையென்றால் ஹேட் (பையின் மேல் பொருத்தும்) போர்டையோ டிரைவையோ மாற்றிப் பார்க்க வேண்டியதுதான்.

### எஸ்எஸ்டி செருகியதும் வைஃபை படுத்துவிடுகிறது

எஸ்எஸ்டி நன்றாகத்தான் இருக்கிறது. யுஎஸ்பி 3 இணைப்பு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையில் இரைச்சல் கிளப்பும். 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள், அல்லது நன்றாக ஷீல்டு செய்த கேபிள் போட்டு டிஸ்க்கைத் தள்ளி வையுங்கள்.

## அறிகுறி 5: எல்லாமே மெதுவாக ஓடுகிறது

எழுதும் கட்டளைக்குப் பிறகு எல்லாம் சில நொடி உறைந்து, அப்புறம் ஓடுகிறதா? டாப் கட்டளையில் டபிள்யுஏ என்ற எண்ணைப் பாருங்கள். அது உயர்ந்திருந்தால் சிபியு டிஸ்க்குக்காகக் காத்துக் கிடக்கிறது. ஸ்வாப் (ரேம் போதாமல் டிஸ்க்கை ரேமாகப் பயன்படுத்துவது) ஓடுகிறதா என்று ஃப்ரீ கட்டளையில் பார்த்துவிடுங்கள். கார்டில் ஸ்வாப் ஓடினால் வேகமும் போகும், கார்டும் போகும். இசட்ரேம் போட்டு ஸ்வாப்பை ரேமுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கார்டின் மேல் எழுதியிருக்கும் "வினாடிக்கு 100 எம்பி"யைப் பார்த்து வாங்காதீர்கள், அது பெரிய கோப்பை வரிசையாகப் படிக்கும் வேகம். சிஸ்டம் ஓட வேண்டியது சிறு சிறு கோப்புகளில். அதற்கு ஏ1, ஏ2 குறியைப் பாருங்கள். ஏ1 என்றால் வினாடிக்குக் குறைந்தது 1500 சிதறிய படிப்பு, 500 சிதறிய எழுத்து; ஏ2 என்றால் 4000, 2000. ஆனால் ஏ2-வின் அந்த எண்கள், போர்டு கட்டளை வரிசையையும் கார்டின் கேஷையும் பயன்படுத்தினால்தான் கிடைக்கும். பழைய போர்டுகளில் நல்ல ஏ1 கார்டே போதும், கூடுதல் காசு வீண்.

யுஎஸ்பி எஸ்எஸ்டி மெதுவாக இருந்தால் எல்எஸ்யுஎஸ்பி மர வடிவில் 5000 என்று வருகிறதா, 480 என்று வருகிறதா பாருங்கள். 480 என்றால் யுஎஸ்பி 2 வேகத்தில் ஓடுகிறது. கறுப்பு போர்ட்டில் செருகியிருக்கலாம். நீலப் போர்ட்டிலும் 480 வந்தால் கழற்றி ஒரே அழுத்தில் சட்டென்று செருகுங்கள். மெள்ள மெள்ளச் செருகினால் யுஎஸ்பி 2-க்கான முனைகள் முதலில் தொட்டு, அந்த வேகத்திலேயே நின்றுவிடும்.

முதல் மாதம் வேகமாக இருந்து போகப் போக மந்தமான எஸ்எஸ்டி என்றால் டிரிம் (அழித்த இடங்களை எஸ்எஸ்டிக்குச் சொல்லும் கட்டளை) போகிறதா என்று எல்எஸ்பிஎல்கேவில் பெரிய டி விருப்பம் போட்டுப் பாருங்கள். அங்கே பூஜ்யம் வந்தால் நடுவில் உள்ள மாற்றி டிரிம் கட்டளையைக் கடத்தவில்லை.

## அறிகுறி 6: இடமில்லை என்கிறது

- டிஎஃப் கட்டளையில் கார்டின் உண்மையான அளவே தெரியவில்லை: பார்ட்டிஷன் விரிவாகவில்லை. விரித்துவிட்டு ரிசைஸ்2எஃப்எஸ் ஓட்டுங்கள்.
- இடம் இருக்கிறது, ஆனாலும் இல்லை என்கிறது: ஐநோடு (ஒவ்வொரு கோப்புக்கும் வேண்டிய பதிவு இடம்) தீர்ந்திருக்கும். டிஎஃப் கட்டளையில் ஐ விருப்பம் காட்டிவிடும். எங்கோ ஒரு அடைவில் லட்சக்கணக்கில் குட்டிக் கோப்புகள் குவிந்திருக்கும்.
- பெரிய லாக்கை அழித்தும் இடம் திரும்பவில்லை: ஒரு புரோகிராம் இன்னும் அதைத் திறந்து வைத்திருக்கிறது. அதை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.
- ஜர்னல் தின்கிறது: சிஸ்டம்டி ஜர்னல் வழக்கமாக ஃபைல் சிஸ்டத்தில் 10% வரை, அதிகபட்சம் 4 ஜிபி எடுத்துக்கொள்ளும். வரம்பைக் குறைத்துவிடுங்கள்.
- 64 ஜிபி கார்டு 8 ஜிபிக்கு மேல் எழுதியதும் பழைய கோப்புகள் சிதைகின்றன: போலிக் கார்டு. எஃப்3 என்ற கருவி கார்டை முழுக்க நிரப்பி, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். மணிக்கணக்கில் ஓடும், ஓடட்டும். எந்தப் புதுக் கார்டையும் இந்தச் சோதனை இல்லாமல் நான் வேலைக்குப் போடுவதில்லை.

## அறிகுறி 7: சில மாதத்துக்கு ஒரு கார்டு சாகிறது

இங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும்.

### எவ்வளவு எழுதுகிறது என்று அளந்து பாருங்கள்

ஊகிக்காதீர்கள். சிஸ் அடைவுக்குள் பிளாக், அதற்குள் உங்கள் கார்டின் பெயர், அதற்குள் ஸ்டாட் என்று ஒரு கோப்பு இருக்கும். அதில் ஏழாவது எண், பூட் ஆனதிலிருந்து எழுதிய செக்டர்களின் எண்ணிக்கை. ஒரு செக்டர் 512 பைட். இன்று குறித்து வைத்துக்கொண்டு, ரீபூட் செய்யாமல் நாளை இதே நேரம் மறுபடி பாருங்கள். வித்தியாசம் 20 லட்சம் என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 1 ஜிபி.

இதில் ஒரு மறைவான பெருக்கல் இருக்கிறது. கார்டு உள்ளே அழித்து எழுதும் அலகு பெரியது, பல கார்டுகளில் 4 எம்பி என்று அதுவே அறிவிக்கும். நொடிக்கு ஒரு முறை 4 கேபி எழுதி ஒவ்வொரு முறையும் சிங்க் செய்தால், கார்டுக்குள் நடக்கும் தேய்மானம் நீங்கள் அளந்ததைவிடப் பல மடங்காகிவிடலாம். அதனால் மொத்த அளவைப் போலவே எத்தனை தடவை எழுதுகிறது என்பதும் முக்கியம். அதே கோப்பில் ஐந்தாவது எண் அதைச் சொல்லும்.

### யார் எழுதுகிறார்கள் என்று பிடியுங்கள்

ஐஓடாப் கட்டளையைக் கூட்டுத்தொகை காட்டும் விருப்பத்தோடு ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். வழக்கமான பேர்வழிகள்: லாக், ஸ்வாப், டேட்டாபேஸ், பிரவுசர் கேஷ்.

### செலவில்லாமல் குறையுங்கள்

எஃப்எஸ்டேப் வரியில் நோஏடைம் (கோப்பைப் படித்த நேரத்தை எழுதாதே) சேருங்கள். தற்காலிகக் கோப்புகளையும் லாக்கையும் ரேமுக்கு மாற்றுங்கள், லாக் ஒரு நாள் போனால் பரவாயில்லை என்ற இடத்தில் மட்டும். எஸ்கியூலைட் என்றால் நொடிக்கு ஒரு கமிட் வேண்டாம். ஒரு நிமிட அளவீடுகளை ரேமில் சேர்த்து ஒரே டிரான்சாக்ஷனில் எழுதுங்கள். எஸ்கியூலைட்டின் வால் (டபிள்யுஏஎல்) முறையில், சிங்க்ரனஸ் அளவை நார்மலாக வைத்தால் இன்னும் குறையும். அறிகுறி 3-இல் சொன்ன வெப்பநிலை போர்டில் நான் மாற்றியது இது மட்டும்தான். மின்சாரம் போனால் கடைசி ஒரு நிமிட அளவீடு போகும். சொந்தக்காரரிடம் கேட்டேன், அது தாங்கும் என்றார்.

### அப்புறம் ஏற்பாட்டைத் தேர்ந்தெடுங்கள்

ஒரு நாளைக்கு 1 ஜிபிக்குக் கீழே, மின்சாரம் நிலையானது: நல்ல ஏ1 கார்டு போதும். தேவைக்கு இரண்டு மடங்கு கொள்ளளவு எடுங்கள், தேய்மானம் பரவ இடம் கிடைக்கும்.

எழுத்து குறைவு, ஆனால் மின்சாரம் சொல்லாமல் போகும்: ரூட்டை ஓவர்லே (மாற்றங்கள் ரேமிலேயே நின்றுவிடும்) போட்டு ரீட்-ஒன்லி ஆக்குங்கள். ராஸ்பெர்ரி பையில் ராஸ்பி-கான்ஃபிக் மெனுவிலேயே இருக்கிறது. சேமிக்க வேண்டியதை மட்டும் தனி பார்ட்டிஷனில், முடிந்தால் தனிச் சாதனத்தில் வையுங்கள். என்னைக் கேட்டால் யாரும் போய்ப் பார்க்க முடியாத இடத்தில் நிற்கும் எந்தப் போர்டும் இப்படித்தான் இருக்க வேண்டும்.

ஒரு நாளைக்குச் சில ஜிபி, இடம் சிறியது, அதிர்வு உண்டு: இஎம்எம்சி. கழன்று விழாது. 5.0 பதிப்பிலிருந்து தன் ஆயுளைத் தானே சொல்லும். எம்எம்சி-யுடில்ஸ் வழியே லைஃப் டைம் எஸ்டிமேஷன் மதிப்பைப் பாருங்கள். 1 என்றால் 10% வரை தேய்ந்தது, 2 என்றால் 20% வரை. 11, அதாவது பி என்று வந்தால் கணக்கிட்ட ஆயுள் தாண்டிவிட்டது. ஆயுள் முடிவை முன்கூட்டி எச்சரிக்கும் ப்ரீ-இஓஎல் மதிப்பு 1 இயல்பு, 2 எச்சரிக்கை, 3 அவசரம். இஎம்எம்சி வசதி இல்லாத போர்டில் கேமராப் பதிவுக்கென்று வரும் ஹை எண்டூரன்ஸ் கார்டு அடுத்த தேர்வு.

அதற்கு மேல், அல்லது டேட்டாபேஸ், கேமராப் பதிவு: எஸ்எஸ்டி. பூட் மட்டும் கார்டில், ரூட்டும் தரவும் எஸ்எஸ்டியில் என்று வைத்தால் கார்டில் அப்டேட் நேரம் தவிர எழுத்தே இருக்காது. ஆனால் எஸ்எஸ்டி போட்டதும் மின்சாரக் கணக்கு மாறிவிடும், அறிகுறி 4-இல் உள்ள மின்சாரப் பகுதியை மறக்காதீர்கள். மின்சாரம் அறுந்தாலும் எழுதியது போகக் கூடாது என்றால், மின்தடைப் பாதுகாப்புக் கெப்பாசிட்டர் உள்ள தொழில்துறை எஸ்எஸ்டி, அல்லது போர்டை ஒழுங்காக ஷட்டவுன் செய்யச் சொல்லும் யுபிஎஸ்.

## எப்போது கை வைக்காமல் வல்லுநரிடம் போக வேண்டும்

கார்டு எந்தக் கணினியிலும் தெரியவே இல்லை, உள்ளே வேறெங்கும் நகல் இல்லாத தரவு இருக்கிறது என்றால் அங்கேயே நிறுத்துங்கள். மைக்ரோ எஸ்டி கார்டுகளில் பெரும்பாலும் கன்ட்ரோலரும் ஃபிளாஷும் ஒரே வார்ப்புக்குள் இருக்கும். மேல் பூச்சைச் சுரண்டி, உள்ளே உள்ள சோதனை முனைகளில் கம்பி இழுத்துப் படிக்கும் ஆய்வகங்களால்தான் அதை எடுக்க முடியும். சூடாக்குவது, வளைப்பது, திரும்பத் திரும்பச் செருகுவது எல்லாம் அவர்களுக்கு மிச்சமிருக்கும் வாய்ப்பைக் குறைக்கும்.

இஎம்எம்சி ப்ரீ-இஓஎல் 3 காட்டினால் தரவை இன்றே எடுத்துவிட்டு, சிப் மாற்றுவதைப் பிஜிஏ ரீவொர்க் வசதி உள்ளவரிடம் விடுங்கள். அடியில் 153 சால்டர் உருண்டைகள் உள்ள சிப் அது. கை சால்டரிங் அயர்னுக்கு அங்கே வேலையில்லை. போர்டின் விலை குறைவென்றால் முழுப் போர்டையே மாற்றுவது மலிவாக முடியும்.

நல்ல அடாப்டர், நல்ல கேபிள், எல்லா யுஎஸ்பிகளையும் கழற்றியாயிற்று, அப்படியும் ஹெடரில் 5 வோல்ட் நிற்கவில்லை, அல்லது போர்டில் ஒரு சிப் தொட முடியாத அளவுக்குச் சுடுகிறது என்றாலும் அதேதான். அது சேமிப்பகக் கோளாறே அல்ல. அந்தப் போர்டில் இன்னொரு நல்ல கார்டைச் செருகிச் சோதிக்காதீர்கள்.

கொண்டுபோகும்போது கார்டோடு டிடிரெஸ்க்யூ மேப் கோப்பு, டிமெஸ்ஜி லாக், பயன்படுத்திய அடாப்டர், கேபிள் எல்லாவற்றையும் சேர்த்தே கொடுங்கள். அடாப்டரை வீட்டிலேயே விட்டுவிட்டு போர்டை மட்டும் கொண்டுவருபவர்கள் நிறைய. என் மேஜையில் உள்ள நல்ல அடாப்டரில் அது உடனே எழுந்து ஓடும், திருப்பி எடுத்துப் போன அன்றே மறுபடி படுத்துவிடும்.